41 பேர் பட்டியல் கையில் இருக்கிறது. பங்குப் பள்ளிக்கு இதை எப்படிப் பயன்படுத்துவது?

அன்பியம்7 கேட்டது:

மரியே வாழ்க. தென் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர்ப் பங்கு (ஒரு கோயிலைச் சேர்ந்த கத்தோலிக்கச் சமூகம்). கோயில் வளாகத்திலேயே ஆர்.சி. நடுநிலைப்பள்ளி. அரசு உதவி பெறுவது, தமிழ் வழி, 1 முதல் 8 வரை 230 பிள்ளைகள். அதில் பாதிக்கு மேல் இந்து, முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள். தாளாளர் எங்கள் பங்குத்தந்தை, தலைமை ஆசிரியை ஒரு சிஸ்டர்.

தாலந்து உவமை (தந்த திறமையைப் புதைத்து வைக்காமல் பயன்படுத்தச் சொல்லும் பைபிள் கதை) வாசகம் வந்த ஞாயிறு பிரசங்கத்தில் ஃபாதர், “அவரவருக்குத் தெரிந்த வேலையை நம்ம பள்ளிக்கூடத்துக்குக் கொடுங்க” என்றார். அதை வைத்து ஒன்பது அன்பியங்களிலும் (பங்கில் உள்ள கத்தோலிக்கக் குடும்பங்களின் தெருவாரிக் குழுக்கள்) ஒரு தாளைச் சுற்றுக்கு விட்டோம். பெயர், போன் நம்பர், என்ன தெரியும், இவ்வளவுதான். 41 பேர் எழுதித் தந்திருக்கிறார்கள். டெய்லர்கள் ஐந்து பேர், எலக்ட்ரீஷியன் மூன்று, கீபோர்டு வாசிப்பவர் இரண்டு, செவிலியர் இரண்டு, ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நான்கு, ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர். ஒரு பத்துப் பேர் “எது சொன்னாலும் செய்கிறேன்” என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள்.

பட்டியல் இப்போது பங்குப் பேரவைச் செயலாளர் மேசையில் கிடக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்:

எங்கிருந்து தொடங்குவது? ஆசிரியர்கள் மனம் கோணாமல் எப்படிச் செய்வது? பாட்டுக்குழு ஒன்று தொடங்க எல்லோருக்கும் ஆசை, அது சரிப்படுமா? சிங்கப்பூரிலும் கனடாவிலும் இருக்கும் பழைய மாணவர்கள் பணம் அனுப்புகிறேன் என்கிறார்கள், வாங்கலாமா? கிறிஸ்தவர் அல்லாத பெற்றோரை இதில் எப்படிச் சேர்ப்பது?

—

வராண்டா வாத்தியார்:

41 பேர் எழுதித் தந்தது பெரிய விஷயம். ஆனால் தாளைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள். “உங்களுக்கு என்ன தெரியும்” என்று கேட்டு வாங்கிய பட்டியலை வைத்துப் பள்ளிக்கூடம் ஒன்றும் செய்ய முடியாது. ஐந்து டெய்லர் இருக்கிறார்கள் என்பதற்காகத் தையல் வகுப்பு வைக்க எட்டாம் வகுப்பு கால அட்டவணையில் இடம் ஏது? சிஸ்டரிடம் போங்கள். “ஏப்ரல் வரைக்கும் உங்களுக்குக் கை போதாமல் நிற்கிற வேலை எது எது?” என்று கேட்டு ஒரு பக்கத்தில் எழுதி வாங்குங்கள். அதன் பிறகு உங்கள் 41 பேரை எடுங்கள்.

ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ஐந்து விவரம் இருக்க வேண்டும்: கிழமை, மணி, இடம், எத்தனை பிள்ளைகள், பொறுப்பான ஆசிரியர் யார். ஐந்தும் நிரம்பாமல் எதையும் தொடங்காதீர்கள். வழக்கமாகக் காலியாகக் கிடப்பது ஐந்தாவது. அது காலியாக இருந்தால் இரண்டாம் வாரமே, “இவங்க யாரு, யார் வரச் சொன்னது?” என்று ஆசிரியர் அறையில் பேச்சு கிளம்பும்.

ஆசிரியர்கள் மனம் கோணுவது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதற்குக் காரணம் பொறாமை என்று சிலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. உதவி பெறும் பள்ளிகளில் பணியிடம் காலியானால் நிரப்புவதற்குள் வருஷங்கள் ஓடிவிடுகின்றன. அந்த இடத்தில் நிர்வாகம் சொற்பச் சம்பளத்தில் ஒரு மேனேஜ்மென்ட் டீச்சரை வைத்திருக்கும். அங்கே இலவசமாகப் பாடம் எடுக்க ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்து நின்றால், முதலில் பயப்படுவது அந்த மேனேஜ்மென்ட் டீச்சர்தான். காலியிடம் வெளியே தெரியாமலும் போய்விடும். அதனால் ஒரு விதியை எழுதியே வையுங்கள்: தன்னார்வலர் யாருக்கும் பாட வேளை கிடையாது, விடைத்தாள் திருத்துவது கிடையாது, மதிப்பெண்ணைத் தொடுவது கிடையாது. இதை ஆசிரியர் கூட்டத்தில் சிஸ்டர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். பாதிச் சிக்கல் அங்கேயே தீரும்.

யாரிடம் எதற்கு அனுமதி என்பதிலும் குழப்பம் வரும். கட்டடம், பணம், வெளியாள் உள்ளே வருவது, இவை தாளாளர் கையில். நேரம், வகுப்பு, பிள்ளைகள், இவை தலைமை ஆசிரியை கையில். பீடத்திலிருந்து ஃபாதர் சொன்னதே அனுமதி என்று எடுத்துக்கொண்டு நேரே வகுப்பறைக்குள் நுழையக் கூடாது.

ஆளைக் கேட்கும்போது கொஞ்சமாகக் கேளுங்கள். வாரம் ஒரு நாள், 40 நிமிடம், எட்டு வாரம். “வருஷம் முழுக்க” என்றால் ஞாயிறு பூசை முடிந்த உற்சாகத்தில் எல்லோரும் தலையாட்டுவார்கள், மூன்றாம் வாரம் யாரும் இருக்கமாட்டார்கள். ஒரு வேலைக்கு இரண்டு பேராகப் போடுங்கள். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் இன்னொருவர் போக வேண்டும். வராதவருக்காக வராண்டாவில் பாயை விரித்துக் காத்திருக்கும் நான்கு பிள்ளைகள் அடுத்த வாரம் பாயை எடுக்கவே மாட்டார்கள்.

உங்கள் பட்டியலுக்கு உடனே பொருந்துகிற வேலைகள் என்று பார்த்தால் மூன்று.

வாசிப்பு. தொடக்க வகுப்புகளில் அரசின் எண்ணும் எழுத்தும் திட்டப்படி பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்திருப்பார்கள். முதல் நிலையான அரும்பில் நிற்கிற பிள்ளைகளுக்குத்தான் கூட ஓர் ஆள் வேண்டும். ஒருவருக்கு நான்கு பிள்ளைகள், அதற்கு மேல் வேண்டாம். 20 நிமிடம் போதும்: முதல் ஐந்து நிமிடம் போன வாரச் சொற்கள், அடுத்த பத்து நிமிடம் பிள்ளை விரல் வைத்து உரக்க வாசிப்பது, கடைசி ஐந்து நிமிடம் நீங்கள் ஒரு கதை வாசித்துக் காட்டுவது. என்ன வாசிப்பது என்பதை வகுப்பாசிரியை சொல்லட்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இங்கே செய்கிற தவறு ஒன்று உண்டு. தங்கள் காலத்துப் பாணியில் அ, ஆ-வன்னாவிலிருந்து மறுபடி தொடங்கிவிடுவார்கள். பிள்ளை இரண்டு முறைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கும்.

அடுத்தது என்.எம்.எம்.எஸ். எனும் மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வு. எட்டாம் வகுப்பில் எழுத வேண்டியது. தேர்ச்சி பெற்றால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை வருஷம் 12,000 ரூபாய். அரசுப் பள்ளியும் உதவி பெறும் பள்ளியும் மட்டுமே தகுதி. பெற்றோர் வருமானம் 3,50,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். இரண்டு தாள், மனத்திறன் 90 கேள்வி, படிப்புத்திறன் 90 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 90 நிமிடம். படிப்புத்திறன் தாளைப் பாட ஆசிரியர்கள் பார்த்துக்கொள்வார்கள். எண் தொடர், குறியீடு, உருவ வரிசை, ஒப்புமை என்று வருகிற மனத்திறன் தாளுக்குத்தான் பள்ளியில் நேரம் கிடைப்பதில்லை. வங்கித் தேர்வு எழுதி வேலைக்குப் போனவருக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. உங்கள் ஓய்வுபெற்ற வங்கி ஊழியரை இங்கே உட்கார வையுங்கள். சனிக்கிழமை ஒரு மணி நேரம், ஒரு வாரத்துக்கு ஒரு கேள்வி வகை. கடைசி இரண்டு வாரம் கடிகாரம் வைத்து முழுத் தாள், ஓ.எம்.ஆர். தாளில் வட்டம் நிரப்பும் பழக்கத்தோடு. விடை தெரிந்தும் வரிசை மாற்றி நிரப்பித் தோற்கிற பிள்ளைகள் உண்டு. விண்ணப்பம் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரி வாக்கில் வரும். வருமானச் சான்றிதழை அதற்கு முன்பே இ-சேவை மையத்தில் வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, செவிலியர் இருவரும். நடமாடும் மருத்துவக் குழு பள்ளிக்கு வந்து பிள்ளைகளைப் பார்த்து, கண், பல், இரத்தச்சோகை என்று சிலரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தந்துவிட்டுப் போகும். அந்தச் சீட்டோடு போனார்களா என்று கேட்க ஆள் இருப்பதில்லை. செவிலியர்கள் தனியாக முகாம் நடத்த வேண்டியதில்லை. அந்தப் பட்டியலை வகுப்பாசிரியையிடம் வாங்கி, அவர் கூட இருக்கும்போது பெற்றோரிடம் பேசினால் போதும். பிள்ளைக்கு மாத்திரை கொடுப்பது மட்டும் கூடவே கூடாது, பாராசிட்டமால்கூட.

இனி பாதுகாப்பு. இதில் தாட்சண்யம் பார்க்காதீர்கள், பங்குப் பேரவைத் துணைத் தலைவராகவே இருக்கட்டும். பெரியவர் ஒருவர் தனியாகப் பிள்ளையோடு மூடிய அறையில் இருக்கக் கூடாது. வராண்டாவோ திறந்த கதவுள்ள வகுப்போ போதும். வாசலில் ஒரு பதிவேடு: பெயர், வந்த நேரம், போன நேரம், கையெழுத்து. பிள்ளைகளோடு தனி வாட்ஸ்அப் பேச்சு வேண்டாம், பைக்கில் ஏற்றிப் போவது வேண்டாம், முகம் தெரிகிற போட்டோவை அன்பியக் குழுவில் போடுவதும் வேண்டாம். தொடர்ந்து வருகிறவர்களுக்குக் காவல்துறைச் சரிபார்ப்பு வாங்குங்கள், தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். மறைமாவட்டத்தின் சிறார் பாதுகாப்பு விதிமுறையில் கையெழுத்து வாங்கி ஃபைலில் வையுங்கள்.

முதல் நாளே எல்லோருக்கும் சொல்ல வேண்டியது: பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில், தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே குற்றம். “ஃபாதர் காதில் போட்டுவிட்டேன்” என்பது புகார் ஆகாது, காவல்துறைக்குப் போக வேண்டும். 1098 (சிறார் உதவி எண்), 14417 (பள்ளிக் கல்வி உதவி எண்) இரண்டும் பிள்ளைகள் கண்ணில் படுகிற இடத்தில் எழுதியிருக்க வேண்டும்.

ஒன்றை மறந்தேன். டிசம்பரில் எதையும் தொடங்காதீர்கள். அரையாண்டுத் தேர்வும் கிறிஸ்துமஸ் விழாவும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் மாதம். இப்போது ஆட்களைச் சேர்த்து, ஜனவரியில் பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் தொடங்குங்கள். எட்டு வாரம் மார்ச் நடுவில் முடியும், முழு ஆண்டுத் தேர்வுக்கு முன்.

—

நாலரைக்கட்டை:

பாட்டுக்குழு கேள்விக்கு மட்டும்.

சரிப்படும். ஆனால் கோயில் பாடகர் குழுவின் சின்னப் பதிப்பாகத் தொடங்கினால் சரிப்படாது. பெரும்பாலான ஊர்களில் நடப்பது இதுதான்: நன்றாகப் பாடுகிற 12 பிள்ளைகளைப் பொறுக்கி எடுப்பார்கள். அவர்களில் பத்துப் பேர் ஏற்கெனவே ஞாயிறு பூசையில் பாடுகிறவர்கள், எல்லாம் நம் வீட்டுப் பிள்ளைகள். மற்றவர்கள் கைதட்ட மட்டும். பள்ளிக்கு இதனால் என்ன வந்தது? ஆறாம் வகுப்பையோ ஏழாம் வகுப்பையோ முழுசாக எடுங்கள். 30 பேரில் நான்கு பேர் சுருதி சேராமல் பாடினாலும் குடி முழுகிப் போகாது. அவர்களை முன் வரிசையில் நன்றாகப் பாடுகிற பிள்ளைக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள். பின்னால் தள்ளினால் இன்னும் விலகும்.

முதல் பாட்டாகப் பக்திப் பாடலை எடுக்காதீர்கள், தமிழ்த்தாய் வாழ்த்தை எடுங்கள். தினமும் காலைக் கூட்டத்தில் பாடுவது, எல்லா வீட்டுப் பிள்ளைக்கும் உரியது. 2021 டிசம்பரில் அதை மாநிலப் பாடலாக அறிவித்த அரசாணை 55 விநாடியில், முல்லைப்பாணியில், அதாவது மோகனத்தில், பாட வேண்டும் என்கிறது. ஒலிநாடாவைப் போடாமல் பயிற்சி பெற்றவர்கள் பாட வேண்டும் என்றும் இருக்கிறது. உங்கள் பள்ளிக் காலைக் கூட்டத்தில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பாருங்கள், நிச்சயம் ஒரு நிமிடத்தைத் தாண்டும். வரிக் கடைசியை எல்லோரும் இழுப்பார்கள், மூச்சு எடுக்க ஆளுக்கொரு இடத்தில் நிற்பார்கள். எங்கே மூச்சு எடுப்பது என்று பென்சிலால் குறித்து, அந்த இடத்தில் மட்டும் எல்லோரும் சேர்ந்து எடுக்கப் பழக்கினால் இரண்டு வாரத்தில் நேரம் தானாகக் குறையும். வேகத்தைக் கூட்டச் சொல்லத் தேவையே இல்லை.

கீபோர்டுக்காரர்கள் இருவருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் தொண்டைக்கு வசதியான ஸ்கேலில் வாசிக்காதீர்கள். பிள்ளைகளுக்குக் கஷ்டமில்லாமல் வருவது நடு சி-யிலிருந்து மேல் ஸ்தாயி டி வரை. பாட்டின் மிகத் தாழ்ந்த ஸ்வரத்தையும் உச்ச ஸ்வரத்தையும் முதலில் கண்டுபிடியுங்கள். தாழ்ந்தது சி-க்குக் கீழே போகாமல், உச்சம் டி-யைத் தாண்டாமல் எந்தக் கட்டையில் உட்காருகிறதோ அதுதான் ஸ்கேல். எந்தக் கட்டையிலும் உட்காரவில்லை என்றால் அந்தப் பாட்டு பெரியவர்களுக்கானது, விட்டுவிடுங்கள். உச்சம் எட்டாதபோதுதான் பிள்ளைகள் கத்துகிறார்கள். கத்துகிறார்களே என்று கீபோர்டு ஒலியைக் கூட்டினால் இன்னும் கத்துவார்கள். ஒலியைக் குறையுங்கள். அவர்கள் குரல் அவர்களுக்கே கேட்க வேண்டும்.

25 நிமிட வகுப்பு இப்படி இருக்கட்டும். முதல் ஐந்து நிமிடம் வாயை மூடி “ம்ம்” என்று ஒரே ஸ்வரத்தில் சேர்ந்து நிற்பது. பிறகு 15 நிமிடம் புதிதாக இரண்டே வரி, நீங்கள் பாட அவர்கள் திரும்பப் பாட. கடைசி ஐந்து நிமிடம் தெரிந்ததை முழுசாக. பல்லவி, சரணம் எல்லாவற்றையும் ஒரே நாளில் ஏற்றாதீர்கள். சொல்லிக் கொடுத்ததைப் போனில் பதிவு செய்து வகுப்பாசிரியைக்கு அனுப்பிவிடுங்கள், வாரம் முழுக்க ஐந்து ஐந்து நிமிடம் பாட வைப்பார்.

பள்ளியில் ஆர்மோனியமோ பழைய கீபோர்டோ கிடந்தால் ஆர்வமுள்ள நாலைந்து பேருக்கு நாலரைக் கட்டையை (எஃப் ஷார்ப்) காட்டிக் கொடுங்கள். அதில் வைத்தால் மோகனத்தின் ஐந்து ஸ்வரமும் கறுப்புக் கட்டைகளிலேயே விழும். வெள்ளையைத் தொடாமல் வாசிக்கலாம் என்பதால் பிள்ளைகள் தைரியமாகக் கை வைப்பார்கள்.

—

ரசீது நம்பர் ஒன்று:

பணம். எல்லோரும் சிரித்துக்கொண்டே மாட்டிக்கொள்கிற இடம்.

சிங்கப்பூரில் இருக்கிறாரா, கனடாவில் இருக்கிறாரா என்பது முக்கியமில்லை, கையில் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்பதுதான் முக்கியம். இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் வேலை செய்கிறவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அதே ஊரில் பிறந்தவர், அதே பள்ளியில் படித்தவர், ஆனால் கனடாக் குடிமகனாகிவிட்டார் என்றால் அவர் பணம் வெளிநாட்டு நன்கொடை. எஃப்.சி.ஆர்.ஏ. எனும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ உள்ள அமைப்புதான் அதை வாங்க முடியும். அதுவும் 2020 திருத்தத்துக்குப் பிறகு, டெல்லியில் ஸ்டேட் பேங்க் முதன்மைக் கிளையில் உள்ள அதற்கான கணக்கில் மட்டுமே. பங்குக் கோயில் கணக்கிலோ, செயலாளர் ஜீபேயிலோ, ஊரில் இருக்கிற அண்ணன் கணக்கு வழியாகவோ வாங்கினால் அகப்படுவது தாளாளர்தான். பாஸ்போர்ட் நகல் ஒன்றை வாங்கி ஃபைலில் வைத்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். குடியுரிமை மாறியவர்களை மறைமாவட்ட அலுவலகத்துக்கோ, பள்ளி ஒரு துறவற சபையுடையது என்றால் அந்தச் சபையின் மாநிலத் தலைமையகத்துக்கோ அனுப்புங்கள். அங்கே பதிவு இருக்கிறதா, நடப்பில் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு அனுப்புங்கள்.

உள்ளூர்ப் பணத்துக்கு: வருமான வரிச் சலுகை கேட்பார்கள். வாங்கும் அமைப்புக்கு 80ஜி பதிவு இருந்தால்தான் கிடைக்கும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் பதிவு இருந்தாலும் கிடைக்காது. “சலுகை உண்டு” என்று வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு மார்ச்சில் முழிக்காதீர்கள்.

பழைய மாணவர் சங்கம் தனியாகத் தொடங்குவதென்றால் 1975-ம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும். பதிவு சுலபம். வருஷா வருஷம் பொதுக்குழு, கணக்குத் தாக்கல் என்று இழுத்துக்கொண்டு போவதுதான் பாடு. என் கருத்து, முதல் இரண்டு வருஷத்துக்குச் சங்கமும் வேண்டாம், நிதியும் வேண்டாம். பொருளாகக் கேளுங்கள்: கடையிலிருந்து நேரே பள்ளி முகவரிக்கு, பள்ளிப் பெயரில் பில். தாளாளர் ரசீது கொடுத்து இருப்புப் பதிவேட்டில் ஏற்றிவிடுவார். வெளிநாட்டுக் குடிமக்களிடம் இதையும் கேட்காதீர்கள், பொருளும் அந்தச் சட்டத்துக்குள் வரக்கூடியதுதான்.

வராண்டா வாத்தியார் சொன்ன வங்கி ஊழியருக்கு இன்னொரு வேலையும் உண்டு. உதவித்தொகை வாங்கும் பிள்ளையின் வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். இணைப்பு என்று பெற்றோர் நினைப்பது வேறு. ஆதார் நகலைக் கிளையில் கொடுத்தால் முடிந்தது என்று நினைப்பார்கள். நேரடிப் பணப் பரிமாற்றத்துக்கு அந்தக் கணக்கைத் தனியாக இணைக்கச் சொல்லிப் படிவம் கொடுக்க வேண்டும். தேர்ச்சி பெற்றும் பணம் வராத வீடுகள் பலவற்றில் இந்தக் கோளாறுதான். ஒரு சனிக்கிழமை பாஸ்புக்குகளைக் கொண்டுவரச் சொல்லி உட்கார்ந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

—

அன்பியம்7:

கண்ணைத் திறந்துவிட்டீர்கள். பாஸ்போர்ட் விஷயம் இங்கே யாருக்கும் தெரியாது. ஃபாதரிடம் இன்றே சொல்கிறேன்.

டெய்லர்களையும் எலக்ட்ரீஷியன்களையும் என்ன செய்வது? ஆண்டுவிழா உடை தைக்கலாம் என்றுதான் அவர்கள் ஆசைப்படுகிறார்கள். எலக்ட்ரீஷியன்கள் கிறிஸ்துமஸ் குடிலுக்கு சீரியல் லைட் போடுகிறோம் என்கிறார்கள்.

—

ஊசிநூல்:

ஆண்டுவிழா உடை ஒரு நாள் கூத்து. வருஷம் முழுக்கத் தேவைப்படுவது சீருடையைச் சரிபண்ணுவது.

சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்பு வரை வருஷத்துக்கு நான்கு செட் இலவசச் சீருடை வருகிறது. எந்தப் பிள்ளைக்கும் அளவு சரியாக இருக்காது. தோள் இறங்கும், கால்சட்டை இடுப்பில் நிற்காது. கடையில் கொடுத்துப் பிடித்துத் தைக்கக் காசு கேட்பார்கள் என்று வீட்டில் ஊக்கு குத்தி அனுப்பிவிடுவார்கள். ஐந்து டெய்லர் இருந்தால் மாதத்தில் ஒரு சனிக்கிழமை இரண்டு மிஷினைப் பள்ளி வராண்டாவில் போடுங்கள். இரண்டு பேர் தைக்க, ஒருவர் அளவெடுக்க, இரண்டு பேர் கையால் பட்டன், கொக்கி. பிள்ளைகள் துணியை வெள்ளிக்கிழமையே பெயர், வகுப்பு எழுதிய துண்டுச் சீட்டைக் குத்திக் கொடுத்துவிட வேண்டும். சீட்டு இல்லாமல் வாங்கினால் 40 வெள்ளைச் சட்டையில் யாருடையது எது என்று தெரியாது.

துணியை வெட்டவே வெட்டாதீர்கள். உள்பக்கம் மடித்து நீளத் தையல் போட்டால் போதும், அடுத்த ஜூனில் பிரித்துவிட்டால் அதே உடை ஒரு வருஷம் கூட ஓடும். பாவாடை, கால்சட்டை விளிம்பில் மூன்று அங்குலம் மடிப்பு விடலாம். அளவெடுப்பது ஆசிரியை முன்னால், பெண் பிள்ளைகளுக்குப் பெண்தான். பெட்டியில் இருக்க வேண்டியது: வெள்ளை நூலும் சீருடை நிறத்து நூலும், சட்டைப் பட்டன் இரண்டு குரோஸ் (288), கொக்கி, முக்கால் அங்குல எலாஸ்டிக் ஒரு ரோல், ஜிப் ஒரு டஜன். முதலில் தீர்ந்துபோவது எலாஸ்டிக்.

விழா உடை தைத்தே ஆக வேண்டும் என்றால் சாட்டின் வாங்காதீர்கள். வெட்டிய விளிம்பு பிரியும், மிஷினில் வழுக்கும், மேடை விளக்கில் வியர்த்து ஒட்டும். பாலி காட்டன் போதும். இடுப்பில் எலாஸ்டிக்கும் நாடாவும் சேர்த்து வைத்தால் ஐந்தாம் வகுப்புக்குத் தைத்தது அடுத்த வருஷம் ஏழாம் வகுப்புக்கும் ஆகும்.

—

எர்த் கம்பி:

குடில் சீரியல் லைட்டுக்கு முன்னால் பள்ளியின் மின்சாரப் போர்டைப் பாருங்கள். மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா? இருந்தால் டெஸ்ட் பட்டனை அழுத்தியதும் டக்கென்று விழுகிறதா? விழவில்லை என்றால் அது அலங்காரப் பொருள். எர்த் குழியில் தண்ணீர் ஊற்றிப் பல வருஷம் ஆகியிருக்கும், எர்த் ரெசிஸ்டன்ஸையும் அளந்து பாருங்கள். உரிமம் உள்ளவர் ஒருவர் பார்த்து, என்ன மாற்ற வேண்டும் என்று எழுதித் தாளாளரிடம் கையெழுத்து வாங்கிய பிறகுதான் ஸ்குரூ டிரைவரை எடுக்க வேண்டும். சும்மா உதவி என்று போய்ப் போர்டைத் திறந்து, அடுத்த வாரம் எதாவது நடந்தால் பழி உங்கள் தலையில்.

குடிலுக்கு: வைக்கோலுக்கு அடியில் ஜாயின்ட் வரக் கூடாது. டேப் சுற்றிய ஜாயின்ட் சூடாகி வைக்கோல் பிடிப்பதுதான் குடில் எரிவதற்கு வழக்கமான காரணம். அடாப்டரில் ஓடுகிற குறைந்த வோல்ட் எல்.இ.டி. சரம் வாங்குங்கள், அடாப்டர் குடிலுக்கு வெளியே, தரையிலிருந்து மேலே. பள்ளி மூடும்போது பிளக்கைப் பிடுங்க ஒருவர் பெயரை எழுதி ஒட்டுங்கள். களிமண் மலை செய்வதென்றால் பத்து நாள் முன்பே செய்யுங்கள், டிசம்பர் ஈரத்தில் காயாது, கடைசி நாள் செய்தால் வெடித்து உதிரும். புல்லுக்குக் கேழ்வரகோ கடுகோ 12, 13 தேதியில் தூவினால் விழாவுக்குப் பச்சை பிடித்துவிடும். அந்தத் தூவுகிற வேலையை ஒன்றாம் வகுப்புக்குக் கொடுங்கள். தேர்வுச் சுமை அவர்களுக்குத்தான் குறைவு.

—

மாலைவெயில்:

ஐந்தாவது கேள்வியை யாரும் தொடவில்லை. ஆர்.சி. பள்ளியில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் இந்துக் குடும்பத்துப் பெற்றோர் என்ற முறையில் எழுதுகிறேன்.

நீங்கள் தாளைச் சுற்றுக்கு விட்டது அன்பியங்களில். அங்கே நாங்கள் இல்லை. 230 பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டவர்களின் வீட்டில் கொத்தனார், பூக்கட்டுபவர், ஆட்டோ ஓட்டுபவர், ஆரி வேலை செய்பவர், தவில் வாசிப்பவர் இருப்பார்கள். அவர்கள் உங்கள் 41-க்குள் வரவே இல்லை. அடுத்த தாளை பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் விடுங்கள். அதுவும் பங்குப் பேரவைப் பெயர் இல்லாமல் பள்ளிப் பெயரில், தலைமை ஆசிரியை கையெழுத்தோடு. எழுதத் தயங்குகிறவர்கள் அதிகம், ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட வருகிற நாளில் ஆசிரியையே கேட்டு எழுதிக்கொண்டால் வரும்.

கூட்டம் எங்கே என்பதும் முக்கியம். கோயிலுக்குப் பின்னால் உள்ள மறைக்கல்வி (கிறிஸ்தவ சமயப் பாடம்) அறையில், ஞாயிறு பூசை முடிந்து என்றால் எங்களில் பலர் வரமாட்டோம். வரக் கூடாது என்று இல்லை, அழைப்பு தங்களுக்கு என்றே தோன்றாது. பள்ளி வகுப்பறையில், மாலை ஐந்தரைக்கு மேல் வையுங்கள். கூலி வேலைக்குப் போகிறவர்கள் அப்போதுதான் திரும்புவார்கள்.

இன்னொன்று. மறைக்கல்விப் பாட வேளையில் கிறிஸ்தவப் பிள்ளைகள் அந்தப் பக்கம், மற்றவர்கள் நன்னெறி வகுப்புக்கு இந்தப் பக்கம் என்று பிரிப்பார்கள். பல பள்ளிகளில் நன்னெறி வகுப்பு என்பது சும்மா உட்கார்ந்திருப்பது. அரசு உதவி பெறும் பள்ளியில் பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளையை மதபோதனையில் உட்கார வைக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 28(3) சொல்கிறது, அதனால் பிரிப்பது சரிதான். ஆனால் உங்கள் தன்னார்வலர்களில் நல்ல இரண்டு பேரைத் தர வேண்டிய இடம் அந்த நன்னெறி வகுப்பு. கதை சொல்கிறவர், படம் வரையச் சொல்லித் தருகிறவர், செடி வளர்க்கத் தெரிந்தவர். பாட வேளை தன்னார்வலருக்கு வேண்டாம் என்று மேலே சொன்னதற்கு இது விலக்காக இருக்கட்டும், ஆசிரியை கூடவே இருக்கிறபடி. ஜெபம் சொல்லித் தருவதோ சுரூபம் (புனிதர் சிலை), ஜெபமாலை கொடுப்பதோ அங்கே வேண்டாம். ஆசையாகத்தான் கொடுப்பார்கள் என்று தெரியும், ஆனால் ஊரில் ஒருவர் அதைப் போட்டோ எடுத்துப் போட்டால் அந்த ஒரு படமே போதும், பள்ளிக்கு வருஷக்கணக்கில் தலைவலி.

—

வராண்டா வாத்தியார்:

மாலைவெயில் சொன்ன விலக்கை ஒப்புக்கொள்கிறேன். மதிப்பெண் இல்லாத வேளை, ஆசிரியை உள்ளே இருக்கிறார், யாருடைய பணியிடத்தையும் தொடவில்லை. அப்படியானால் சரி.

ஆனால் நன்னெறி வகுப்புக்கு ஒரே தன்னார்வலர் மாதம் முழுக்க வர வேண்டும். வாரம் ஒரு முகம் என்றால் பிள்ளைகளுக்கு அது வேடிக்கைதான். செடி வளர்ப்பு அந்த வகையில் வசதி, தண்ணீர் ஊற்ற வாரா வாரம் வந்தே ஆக வேண்டும். தொடங்குவதென்றால் ஆறு சாக்குப் பையில் கீரை போதும்: மூன்று பங்கு செம்மண், ஒரு பங்கு மக்கிய எரு. மூன்று, நான்கு வாரத்தில் பறித்துச் சத்துணவு ஆயாவிடம் கொடுத்துவிடலாம். கோடை விடுமுறையில் வாடிவிடும் என்பதால் மார்ச்சுக்குப் பிறகு புதிதாக எதையும் நடவேண்டாம்.

—

அன்பியம்7:

பெற்றோர் கூட்டத்தில் விடுவதற்கு இரண்டாவது தாள் தயார். “என்ன தெரியும்” என்ற கேள்வியை எடுத்துவிட்டு, சிஸ்டர் எழுதித் தந்த ஏழு வேலைகளையும் கிழமை, மணியோடு அச்சடித்து, எதிரே டிக் போடக் கட்டம் வைத்திருக்கிறோம். “எது சொன்னாலும் செய்கிறேன்” என்று எழுதிய பத்துப் பேரில் மூன்று பேர் சீருடைச் சனிக்கிழமைக்கும் இரண்டு பேர் வாசல் பதிவேட்டுக்கும் டிக் போட்டுவிட்டார்கள். மீதி ஐந்து பேர் இன்னும் போனை எடுக்கவில்லை.